பேரிங் போன டேபிள் ஃபேனும் ஏகாம்பரத்தின் முதுகும்

1. டீயில் விழுந்த பிஸ்கட்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, பெரிய டாக்டர் ஒரு பிஸ்கட்டை டீயில் நனைத்து நல்லா இருந்த ஒரு மனுஷனை முடமாக்கினார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. சென்னையில் பிசியோதெரபி படித்து முடித்துவிட்டு, சொந்த ஊரான போளூருக்குப் பக்கமாக இருக்கட்டுமே என்று திருவண்ணாமலையில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில் அப்போது பிசியோதெரபி என்ற பேரையே யாரும் கேள்விப்பட்டதில்லை. 'கரண்ட் வெக்கிற நர்சம்மா' என்பார்கள், 'தேய்ச்சி உடற பொண்ணு' என்பார்கள். முதல் மாதம் ஒவ்வொருவரையும் திருத்தினேன். அப்புறம் வாய் வலித்ததால் விட்டுவிட்டேன்.

பெரிய டாக்டரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனில் அவர் கை அவ்வளவு சுத்தம். உடைந்து நொறுங்கி வந்த காலையெல்லாம் சேர்த்து நடக்க வைத்து அனுப்பியிருக்கிறார். ஆனால் வாயைத் திறந்தால் வம்பு. நோயாளிக்குப் புரிய வைக்க வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுவார், கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து உதாரணம் காட்டுவார்.

அன்று அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஏகாம்பரம். தேரடி வீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய கட்டுமஸ்தான ஆள். பெயிண்ட் டின்னைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது என்று வந்திருந்தார். ஒரு வாரத்தில் தானாகவே போகிற சமாச்சாரம்தான். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் ஒரு இடத்தைத் தட்டினார்.

"இது இன்னா தெரியுதா? தேய்மானம்."

"தேஞ்சே போச்சுங்களா?"

"போச்சுன்னா..." என்று டாக்டர் உதாரணம் தேடினார். மேசையில் டீயும் பிஸ்கட்டும் இருந்தன. ஒரு பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்கித் தூக்கிக் காட்டினார். "உங்க டிஸ்க்கு இப்ப இந்த நிலைமையில இருக்கு. ஜாக்கிரதையா இருந்தா ஓட்டிடலாம். வெடுக்குனு குனிஞ்சீங்கன்னா..."

அந்த நேரம் பார்த்து நனைந்த பாதி உடைந்து கப்புக்குள் விழுந்துவிட்டது. டாக்டரே அதை எதிர்பார்க்கவில்லை. ஏகாம்பரம் அந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரும்போது இடுப்பில் கை வைத்து நடந்து வந்தவர், வெளியே போகும்போது இரண்டு பேர் பிடித்துக்கொள்ளப் போனார்.

அதற்குப் பிறகு அவர் குனியவே இல்லை. இடுப்பில் பெரிய பெல்ட், கடையில் உயரமான ஸ்டூல். மேல் தட்டில் இருக்கிற சாமானைத்தான் எடுத்துக் கொடுப்பார். கீழ்த் தட்டில் ஆணி இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, "இல்லப்பா, தீந்துடுச்சி" என்பார். இதில் லாபம் யாருக்கு என்றால், எதிர்க் கடை வைத்திருந்த அவருடைய சொந்தத் தம்பி கோதண்டத்துக்கு.

2. மணையில் யார் உட்காருவது?

ஒரு வருஷம் போயிருக்கும். ஏகாம்பரத்தின் மனைவி சரோஜாம்மா அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சாச்சு மேடம். இவரு மணையில உக்காந்து தாரை வார்க்கணும். நாற்காலியில உக்காரவே பயப்படறாரு, மணையில எங்க உக்காருவாரு?"

தாரை வார்ப்பது என்றால் பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளை கையில் பெண்ணின் கையைச் சேர்த்து நீர் வார்த்துக் கொடுப்பது. அப்பாவால் முடியாவிட்டால் பங்காளி முறையில் வேறு ஜோடி உட்காரும். இவர்கள் வீட்டில் அந்த வேறு ஜோடி கோதண்டமும் அவர் மனைவியும்தான். கடை பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் ஒரு தெரு, அவ்வளவுதான். காலையில் ஷட்டர் தூக்கும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் தூக்க வேண்டும் என்பதற்காக, இவர் கிழக்கே பார்த்துத் தூக்குவார், அவர் மேற்கே பார்த்துத் தூக்குவார்.

"என் பொண்ணை அவன் தாரை வார்க்கிறதா?" என்று ஏகாம்பரம் கத்தினார். "அதுக்கு நான் செத்தே போயிடுவேன்."

"சாவறதுக்குக்கூடப் படுக்கணும்" என்றார் சரோஜாம்மா. "ஈஸிசேர்லயே தூங்கற ஆளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஏகாம்பரம் கண் கலங்கி நின்றார். ஒரே பெண். அவளைக் கை பிடித்துக் கொடுக்கிற நேரத்தில், ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும் என்றால் எந்த அப்பனுக்கும் தாங்காது. கல்யாணத்துக்குள் உட்கார வைத்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வயசுக் கோளாறு, வேறென்ன.

எங்களிடம் அப்போது ஒரு டயதெர்மி மிஷின் இருந்தது. மின்அலையால் உள்ளே சூடு பாய்ச்சி தசையை இளக்குகிற மிஷின். பீரோ உயரம், முகப்பில் முள் ஆடும், சிவப்பு விளக்கு எரியும். ஸ்விட்ச் போட்டால் 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கிளம்பி, கட்டில் வரைக்கும் அதிரும். ஊர் அதற்கு வைத்த பெயர் 'பெரிய மிஷின்'. பௌர்ணமி கிரிவலம் முடிந்த மறுநாள், கால் இடுப்பு பிடித்தவர்கள் வரிசையாக வந்து "எனக்குப் பெரிய மிஷினே வெச்சிடுங்க" என்பார்கள். சின்னதாக ஏதாவது எடுத்தால் முகம் தொங்கிவிடும்.

ஏகாம்பரத்துக்கும் அதுதான் வைத்தேன். சத்தம் கேட்டதும் அவர் உடம்பு தளர்வது எனக்குக் கண்ணால் தெரியும். தளர்ந்த சூட்டோடு எழுப்பி என் வேலையைக் காட்டுவேன். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து செங்கல் வாங்கி அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டு, "உக்காருங்க" என்பேன். முதலில் நாற்காலி உயரம். அதில் பயமில்லாமல் உட்கார்ந்து எழுந்தால் அடுத்த முறை ஒரு வரிசை செங்கலை எடுத்துவிடுவேன். குனிந்தால் ஒன்றும் ஒடியாது என்று அவர் முதுகே அவருக்குச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். ஏகாம்பரமோ எல்லாப் புகழையும் மிஷினுக்கே கொடுத்தார்.

"மிஷின் வெச்சா இடுப்பு வெண்ணெ மாரி ஆயிடுது மேடம். நீங்க செங்கல்ல உக்கார வெச்சித்தான் திருப்பி வலி உண்டாக்குறீங்க."

பலகை முழங்கால் உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அப்போதுதான் பெரிய மிஷின் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டு உயிரை விட்டது.

3. சத்தமில்லாத மிஷின்

வால்வு போய்விட்டது, ஸ்பேர் கிடைக்காது என்றார்கள். பெரிய டாக்டர் தயங்காமல் புது மிஷினுக்கு ஆர்டர் போட்டார். அது வந்து இறங்கியபோது எனக்கு ஒரே சந்தோஷம். பழையதில் பாதி உயரம்கூட இல்லை. நம்பர் தெரிகிற டிஸ்ப்ளே. அதே சூடு, அதே அலை. சத்தம் துளியும் கிடையாது.

அந்தச் சத்தமில்லாமை எங்கள் ஆஸ்பத்திரியைக் கவிழ்த்துவிட்டது. வந்தவர்களெல்லாம் கட்டிலில் படுத்துக்கொண்டு, "மேடம், ஆன் பண்ணலையா?" என்று கேட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் நம்பவில்லை. போன வாரம் வரை குறைந்துகொண்டே வந்த வலி, அத்தனை பேருக்கும் சொல்லி வைத்தாற்போல் ஏறிவிட்டது. "இது டப்பா மிஷினு, பவர் கம்மி" என்று தேரடி வீதி முழுக்கப் பேச்சு. செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருத்தருக்கு மட்டும் புது மிஷின் பிடித்துப்போயிற்று. அமைதியாக இருந்தால்தான் தனக்கு நோய் குணமாகும் என்றார். அவர் கொண்டுவந்த எதிர்பார்ப்பு அது.

ஏகாம்பரத்துக்கு இடுப்பு திரும்பவும் மரக்கட்டை ஆனது. செங்கல்லைத் திரும்ப ஏற்ற வேண்டியதாயிற்று. பத்திரிகை அச்சடித்து ஊரெல்லாம் வைத்தாகிவிட்டது. சரோஜாம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"கொழுந்தனாருக்குச் சொல்லி அனுப்பிடலாமா மேடம்? அவங்களும் பட்டு எடுக்கணும் இல்ல?"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு படித்து, ஒரு மனுஷனை ஒரு பலகையில் உட்கார வைக்க முடியவில்லையே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

எங்கள் வார்டு ஆயா குப்பம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் ஏகாம்பரத்துக்கு மிஷின் வைத்து ஸ்விட்ச்சைப் போட்டேன். 'ம்ம்ம்ம்' என்று சத்தம் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏகாம்பரம் குப்புறப் படுத்தபடியே பெருமூச்சு விட்டார்.

"ஆங்... இப்பத்தான் ஏறுது."

திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பேரிங் போய், ஓரம் கட்டி வைத்திருந்த பழைய டேபிள் ஃபேன், சுவரைப் பார்த்தபடி முனகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குப்பம்மா வெற்றிலை மென்றுகொண்டு நின்றார்.

"இன்னா ஆயா இது?"

"சத்தம் வேணும்னாங்க. வெச்சேன். கரண்ட்டு பில்லு டாக்டரோடது, உனுக்கு இன்னா?"

அன்றைக்கே செங்கல் ஒரு வரிசை இறங்கியது. அடுத்த வாரத்தில் இன்னும் இறங்கியது. டாக்டர் என் தோளைத் தட்டி, "பாத்தியாம்மா புது மிஷினை!" என்றார்.

எனக்கு மட்டும் உறுத்தியது. ஃபேனை வைத்து ஏமாற்றுவது வைத்தியமா என்று ஒரு பக்கம். உண்மையைச் சொல்லி அவர் மறுபடி கட்டை ஆகிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பக்கம். கடைசியில் பொறுக்க முடியாமல், அவர் படுத்திருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"ஐயா, கோச்சிக்காதீங்க. இந்தச் சத்தம் மிஷினோடது இல்ல."

அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"நான் இன்னா வியாபாரம் பண்றேன் மேடம்?"

"ஹார்டுவேர்."

"மோட்டாரு, பம்பு, ஃபேனு எல்லாம் விக்கிறேன். பேரிங் போன ஃபேன் சத்தம் எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரிஞ்சிபோச்சி."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா நிறுத்திடுவீங்களே! எனக்குத் தெரியுது, ஆனா முதுவுக்குத் தெரியலையே. அது சத்தம் கேட்டா விட்டுக் குடுக்குது. நான் இன்னா பண்ணட்டும்? அந்தப் பேரிங்கு எங்க கடையிலயே இருக்கு. மாத்தித் தரேன்னு ஒரு வார்த்த சொன்னேனா, பாருங்க."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு என் மேல் கோபம் வரும் என்று பயந்திருந்த எனக்கு, முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முதுகு பயமில்லாமல் குலுங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"ஃபேன் சத்தம் சும்மானு தெரிஞ்சும் வேலை செய்யுதுன்னா, டாக்டர் காட்டின பிஸ்கட்டும் அதே மாதிரி சும்மாதானே? அது மட்டும் ஏன் உங்களை இப்படிப் புடிச்சி வெச்சிருக்கு?"

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"கண்ணு முன்னாடியே உடைஞ்சி உழுந்துச்சே மேடம்" என்றார்.

4. ஓமகுண்டத்துக்கு ஆகாத காற்று

கல்யாணத்துக்கு நானும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். கடைசி வாரத்தில் அவர் பலகையைத் தரையில் போட்டே உட்கார்ந்து எழுந்திருந்தார். ஆனால் என் அறையில், ஃபேன் ஓடும்போது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது மணமேடைதான். அதன் ஓரத்தில், பூமாலையெல்லாம் சுற்றி, எங்கள் ஆஸ்பத்திரி டேபிள் ஃபேன் நின்றுகொண்டிருந்தது. குப்பம்மா அதற்குப் பக்கத்தில் காவல்.

"அவருதான் கேட்டாரு. டெம்போ அனுப்பிட்டாரு" என்றார்.

முன்வரிசையில் கோதண்டம் புதுப் பட்டு வேட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியாது, தயாராகத்தான் வந்திருந்தார். ஏகாம்பரம் அந்தப் பக்கம் திரும்பாமல் மேடை ஏறினார். பெல்ட் இல்லை. மேளக்காரர்கள் கொஞ்சம் ஓய்ந்த நேரம், ஃபேன் முனகல் நன்றாகக் கேட்டது. அவர் என்னைத் தேடிப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அப்போது ஐயர் நிமிர்ந்தார்.

"யாருய்யா இங்க ஃபேன் வெச்சது? ஓமம் வளர்க்க வேணாமா? சாம்பலெல்லாம் மாப்பிள்ளை கண்ணுல போறது! எடுங்கோ, எடுங்கோ!"

ஃபேன் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது என்று குப்பம்மா வாதாடிப் பார்த்தார். அதற்குள் யாரோ ஒருத்தர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார். முனகல் தேய்ந்து நின்றது.

ஏகாம்பரம் மணைக்கு முன்னால் நின்றார். சரோஜாம்மா உட்கார்ந்தாகிவிட்டது. பெண் தலை குனிந்தபடியே ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். அவர் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. முழங்காலை லேசாக மடக்கினார், நிறுத்தினார். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். டீ கப்பைப் பார்த்த அதே முகம்.

"முகூர்த்தம் போறது" என்றார் ஐயர்.

கோதண்டம் எழுந்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவர் மேடை ஏறுவதைப் பார்த்து ஏகாம்பரத்தின் முகம் செத்துப்போனது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன். வருஷக் கணக்கில் பேசாத தம்பி அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். அவருடைய இடத்தில் உட்காரவில்லை. முழங்கையைப் பிடித்தார்.

"உக்காருண்ணா."

"முடியலடா."

"ஏன் முடியாது? அப்பா கடையில நீ தூக்காத சிமெண்ட் மூட்டையா? நான் ஒண்ணு தூக்கினா நீ ரெண்டு தூக்குவ. அந்த முதுவு ஒரு பலகையில உக்காந்தா ஒடைஞ்சிடுமா? உக்காரு. நான் புடிச்சிக்கிறேன்."

ஏகாம்பரம் தம்பியைப் பார்த்தார். மெதுவாக இறங்கினார். இறங்கி, இறங்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டார். கெட்டி மேளம் கொட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது பக்கத்து நாற்காலி அம்மா என் கையைத் தட்டினார்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா? ரொம்ப நேரமா வண்டு மாரி முனகினே இருக்கியே?"

ஃபேன் நின்றதிலிருந்து நான்தான் 'ம்ம்ம்ம்' என்று வாயால் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

ஏகாம்பரத்தை எது உட்கார வைத்தது என்று இளைய பிசியோதெரபிஸ்டுகள் என்னைக் கேட்பார்கள். செங்கல்லா, சூடா, தம்பி கையா, என் முனகலா? பந்தியில் டாக்டர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "என் மிஷின்" என்றார். எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். தினமும் செங்கல்லில் உட்கார்ந்து பழகாமல் இருந்திருந்தால் தம்பி கை பிடித்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. உட்கார முடியும் என்று யாருமே அவரை நம்பாமல் இருந்திருந்தால் அந்தப் பழக்கமும் மண்டபத்தில் உதவியிருக்காது. வலியோடு வருகிறவர் முதுகை மட்டும் கொண்டு வருவதில்லை. யாரோ அவருக்குச் சொன்ன பேச்சையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார். அதனால் மிஷினில் கை வைப்பதற்கு முன், "உங்க முதுவுல இன்னா ஆயிருக்குன்னு நினைக்கிறீங்க? யாரு சொன்னாங்க?" என்று கேளுங்கள். அதற்கு வருகிற பதிலுக்கும் சேர்த்து வைத்தியம் பாருங்கள். பொய் சொல்ல வேண்டியதில்லை. நல்லதாக இருக்கிற உண்மையை உரக்கச் சொன்னால் போதும்.

அதோடு, டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற நேரத்தில் டீயோடு பிஸ்கட் கொடுக்கக் கூடாது என்று குப்பம்மாவிடம் சொல்லி வைத்தேன். டாக்டர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அந்த உத்தரவு அமலில் இருந்தது.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் கோதண்டம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அண்ணனைத் தாங்கிப் பிடித்ததில் பிடித்துக்கொண்டதாம். கூடவே ஏகாம்பரமும் வந்திருந்தார், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு. கட்டிலில் படுத்ததும் கோதண்டம் என்னைக் கூப்பிட்டு, அண்ணன் காதில் விழாமல் மெதுவாகச் சொன்னார்.

"மேடம், எங்க அண்ணனுக்கு வெச்சீங்களே, அந்த ஃபேனையே வைங்க. ஆனா அவருக்கு வெச்சதவிட ஸ்பீடு கொஞ்சம் ஜாஸ்தியா வைங்க."